ஆறு பணிப்பாளரும் ஒரு சஹனும்

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. அதன் மேல்மாடியில் "கைருன்னிஸா, பதிவு செய்யப்பட்ட கம்பனிச் செயலாளர்" என்று ஒரு பலகை தொங்குகிறது. பலகை தொங்கத் தொடங்கி ஐந்து வருடம். முதல் வருடம் முழுக்க, அதை வாசித்துவிட்டுப் படியேறி வந்தவர்களில் ஒருவர்கூடக் கம்பனி விஷயமாக வரவில்லை.

ஒருவர் பக்கத்து வீட்டு மாடு தன் வாழையைத் தின்ற கதையோடு வந்தார். மாட்டின் படத்தையும் கொண்டு வந்திருந்தார். ஒரு பெண், கட்டாரில் இருக்கும் புருஷனுக்குக் "கொஞ்சம் பயப்படுற மாதிரி" ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். கைருன்னிஸா எல்லோரிடமும் ஒரே விளக்கத்தைப் பொறுமையாகச் சொன்னாள்.

"கம்பனி எண்டா சட்டத்தின்ட கண்ணுக்கு அது ஒரு ஆள். அந்த ஆளுக்குப் பேர் வேணும், விலாசம் வேணும், நான் இன்னும் உசிரோட இரிக்கன் எண்டு வருசா வருசம் பதிவாளருக்கு அறிவிக்க வேணும். அந்த ஆளுக்கு வாய் இல்ல. பணிப்பாளர்மார் கூடித் தீர்மானம் எடுத்தாத்தான் அது பேசினதாகும். அதை ஒழுங்கா நடத்தி, எழுதி வைக்கிறதுதான் என்ட வேல."

மாட்டுக்காரர் கடைசிவரை கேட்டார். "அப்ப மாட்டுக்கு?" என்றார்.

கீழே போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் கலந்தர் காக்காவுக்கு இதெல்லாம் இலவச நாடகம். "தங்கச்சி, மாட்டுக் கேஸை எல்லாம் எடுத்திருந்தா இந்நேரம் இந்தக் கட்டடமே ஒங்கட" என்று அவர் ஒவ்வொரு நாளும் சொல்வார். கைருன்னிஸா கொழும்பில் ஒரு நிறுவனத்தில் ஏழு வருடம் இந்த வேலை பழகியவள். ஊருக்குத் திரும்பி வந்து, கொழும்பில் செய்த அதே வேலையை இங்கேயும் செய்யலாம் என்று நம்பியவள். நம்பிக்கையைக் கைவிடுகிற பழக்கம் அவளிடம் இல்லை.

மெதுவாகத்தான் ஆட்கள் வந்தார்கள். காரைதீவிலிருந்து நல்லரெத்தினம் வந்தார். விதைநெல் வியாபாரம். கம்பனி ஒரு ஆள் என்று கைருன்னிஸா சொன்னதும் அவர் முகம் யோசனையானது. மறுநாள், பதிவு செய்கிற நேரத்தைக் குறித்துக்கொண்டு போய், கம்பனிக்குச் சாதகம் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஆளெண்டு நீங்கதானே பிள்ளை சொன்னீங்க? ஆளெண்டாச் சாதகம் வேணாமா?" என்றார். ஏழாம் வருடத்தில் கம்பனிக்குச் சனி பார்வை இருக்கிறதாம். கைருன்னிஸா அந்தச் சாதகத்தையும் வாங்கிக் கோவையில் போட்டு வைத்தாள். கம்பனியின் காகிதம் எதையும் அவள் எறிவதில்லை.

அக்கரைப்பற்று ஹாஜியார் ஒருவருக்குக் கம்பனிப் பொது முத்திரை செய்து கொடுத்தாள். தாளை நடுவில் வைத்து அமுக்கினால் எழுத்துப் புடைத்து வரும் இரும்பு முத்திரை. ஹாஜியாருக்கு அதைக் கண்டால் கை சும்மா இருக்காது. மகளின் கலியாண அழைப்புக் காட் எழுநூறிலும் கம்பனி முத்திரையை அமுக்கிவிட்டார். "ஹாஜியார், இப்ப சட்டப்படி கலியாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது நீங்க இல்ல, ஒங்கட டயர் கம்பனி" என்று கைருன்னிஸா சொன்னபோது, அவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்.

இப்படி ஒன்று, இரண்டு என்று பதினாலு கம்பனி சேர்ந்தது. அதில் அவள் உயிரை வைத்திருந்த கம்பனி ஒன்றுதான்: மைமூனா அன் டோட்டர்ஸ் பிறைவேட் லிமிட்டட். அந்தக் கம்பனியை அவள் ஒரு முறை கிட்டத்தட்டக் கொன்றுவிடப் பார்த்தாள். அந்தக் கதை இது.

சாய்ந்தமருதுக் கடற்கரைத் தெருவில் மைமூனா மாமி என்றால் மாசிக் கருவாட்டுச் சம்பல். அவர் காய்ந்த கொச்சிக்காய் மிளகாயை வறுக்கத் தொடங்கினால் பள்ளிவாசலடி வரை தும்மல் கேட்கும். தெருப்பிள்ளைகள் தும்மலை எண்ணியே இன்றைக்கு எத்தனை போத்தல் என்று சொல்லிவிடுவார்கள். கணவர் நூஹு மௌத்தான பிறகு, சம்பலை விற்றே ஐந்து பெண்மக்களையும் கரைசேர்த்தவர். மூத்தவள் றிஸ்னா பள்ளிக்கூட டீச்சர். அடுத்தது இரட்டைப் பிள்ளைகள். ஊரில் யாரும் அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பெரிய இரட்டை, சின்ன இரட்டை என்றுதான். நாலாவது பஸ்னா, உம்மாவோடு அடுப்படியிலேயே நிற்பவள். கடைசி அம்ஹா, வணிகம் படித்தவள். கம்பனியாக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது அவள்தான்.

இரண்டு வருடத்துக்கு முந்தி, கம்பனியின் விதிகளைப் பேசி எழுத, ஒரு வெள்ளிக்கிழமை பகல் கைருன்னிஸா அந்த வீட்டுக்குப் போனாள். அது அவளுடைய முதல் பிழை. நேரம் பார்க்காமல் போனது இரண்டாவது பிழை. ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரம். உள்ளறையில் பாய் விரித்து, நடுவில் சஹன் வைத்திருந்தார்கள். அந்த அகலமான வட்டத் தட்டைச் சுற்றி ஆறு பேர் குந்தி, ஆளாளுக்குத் தன் முன்பக்கத்துச் சோற்றைச் சாப்பிடுவது ஊர்வழக்கம். உம்மாவும் ஐந்து மக்களும் சேர்ந்தால் கணக்காக ஆறு. விருந்தாளிக்கு வேறு பீங்கானில் புரியாணி வந்தது.

"மாமி, பணிப்பாளர் அஞ்சு பேர், இல்லாட்டி ஏழு பேர் வைப்பம்" என்று கைருன்னிஸா தொடங்கினாள். "ஆறு வேணாம். வாக்குச் சமனாப் போயிரும்."

"சஹனுக்கு ஆறு" என்றார் மைமூனா மாமி. "அஞ்செண்டா ஆரை எழுப்பிற? ஏழெண்டா ஒரு மருமகனைப் போடோணும். ஒருத்தனைப் போட்டா மத்த நாலு பேரும் மூஞ்சைத் தூக்குவானுகள். ஆறெண்டு எழுது."

கைருன்னிஸா மறுக்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் வாயில் ஒரு கவளம் புரியாணி இருந்தது. மென்றுகொண்டே தலையை அசைத்தாள். அந்த வீட்டில் தலையசைத்தால் ஓம் என்று அர்த்தம்.

"அப்ப சமனா வந்தாத் தவிசாளருக்கு, அதாவது ஒங்களுக்கு, இன்னொரு வாக்குக் கூட வைப்பம்" என்றாள் விழுங்கிய பிறகு.

"எனக்கு ரெண்டு வாக்கா? ஒரு சஹனில இருந்து தின்றவங்களுக்குள்ள ஒருத்திக்கு ரெண்டு கையா? வேணாம் புள்ள. இந்தா, எலும்பு. உள்ளுக்கு மூளை இரிக்கி, உறிஞ்சு."

எலும்பை வாயில் வைத்துக்கொண்டு சட்டம் பேச முடியாது. இரண்டாவது நிபந்தனையும் போனது.

வட்டிலப்பம் வந்தபோது மூன்றாவது வந்தது. "இன்னொண்டும் எழுது. கூட்டம் சஹனிலதான் நடக்கும். இடையில சஹனை விட்டு எழும்பினவ கூட்டத்தையும் விட்டு எழும்பினவ. கைகழுவிட்டு வந்து நானும் இரிக்கன் எண்டு சொல்லப்படா. இந்தப் புள்ளையள் போன் அடிச்சா ஓடுவாளுகள்."

கைருன்னிஸா வட்டிலப்பத்தோடு தலையசைத்தாள். நாலு பேர் இருந்தால் கூட்டம் செல்லும் என்று ஒரு நிபந்தனையை மட்டும் எப்படியோ விழுங்கிவிட்டுச் சொல்லிச் சேர்த்துக்கொண்டாள். மற்றதெல்லாம் மாமி சொன்னபடியே விதிகளில் ஏறி, பதிவாளரிடம் போய், பதிவாகி வந்தது.

அதன் பிறகு இரண்டு வருடம் கம்பனி தேன்மாதிரி ஓடியது. மாதம் ஒரு கூட்டம். மாமி சொல்வார், ஐந்து மக்களும் கை தூக்குவார்கள். சோற்றுக் கையைத் தூக்குவதால் தீர்மானத்துக்கு ஒரு கைப்பிடி சோறு பாயில் கொட்டும். கைருன்னிஸாவின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் மஞ்சள் கறை இல்லாத பக்கம் கிடையாது. அவள் எடையும் ஆறு கிலோ கூடியது. ஆனால் குறிப்புகள் ஒழுங்கு, படிவங்கள் ஒழுங்கு. சும்மா சந்தித்தவர்களிடம்கூட, "பொம்புளையள் நடத்துற கம்பனி ஒண்டு இரிக்கி, ஒரு பிந்துகை இல்ல" என்று சொல்வாள்.

இந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்ஹாவின் மின்னஞ்சலுக்குக் கொழும்பிலிருந்து ஓர் ஒப்பந்தம் வந்தது. இருபத்தொரு கிளை வைத்திருக்கும் பல்பொருள் அங்காடி ஒன்று, எல்லாக் கிளையிலும் மைமூனா சம்பலை வைக்கத் தயார். அம்ஹா எட்டு மாதமாக எழுதி எழுதி வாங்கிய பதில் அது. பணிப்பாளர்களின் தீர்மானம், செயலாளரின் அத்தாட்சியோடு வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் வர வேண்டும். வராவிட்டால் அங்காடித் தட்டில் அந்த இடம் வேறு கம்பனிக்கு. எல்லாம் சந்தோஷம்தான், ஏழாம் பந்தியைத் தவிர. "உறைப்பு நடுத்தர அளவில் இருத்தல் வேண்டும்" என்றது ஏழாம் பந்தி.

திங்கட்கிழமை சஹன் வைத்தார்கள். கைருன்னிஸா ஏழாம் பந்தியை வாசித்ததும் மாமி கையை உதறினார்.

"நடுத்தரமா? அது என்ன உறைப்பு? காய்ச்சல்காரனுக்குக் குடுக்கிற உறைப்பா?"

"உம்மா, கொழும்புச் சனம் நம்மட சம்பலைத் திண்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா ஆர் பொறுப்பு?" என்றாள் றிஸ்னா.

"போகட்டும். போய் டொக்டரிட்டச் சொல்லட்டும், மைமூனாட சம்பல் திண்டன் எண்டு. அது விளம்பரம்."

"கொச்சிக்கா குறைஞ்சா அது சம்பல் இல்ல, ஜேம்" என்று பஸ்னா உம்மாவுக்குத் தோள் கொடுத்தாள். "பாணில பூசிப் பாலர் பாடசாலைக்குக் குடுத்து விடுங்க."

"ஜேமும் இருபத்தொரு கடையில இரிக்கி. நாம இல்ல" என்றாள் அம்ஹா. "எட்டு மாசமா எழுதினன்கா. எட்டு மாசம்!"

வாக்கெடுப்பு நடந்தது. ஒப்பந்தம் வேண்டும் என்று றிஸ்னா கை தூக்கினாள், அம்ஹா தூக்கினாள், பெரிய இரட்டை தூக்கினாள். பெரிய இரட்டை தூக்கினால் சின்ன இரட்டையும் தூக்குவாள் என்று நினைத்து, கைருன்னிஸா நாலு என்று எழுதியும் விட்டாள். நிமிர்ந்து பார்த்தால் சின்ன இரட்டையின் கை சோற்றிலேயே இருந்தது. ஒரே நாளில் காய்ச்சல் வந்து ஒரே நாளில் பல் விழுந்த இரண்டு பேர். பெரிய இரட்டை, தன் சொந்தக் கையே தனக்கு மாறு செய்ததைப் போலத் தங்கச்சியைப் பார்த்தாள்.

"எனக்கு உம்மாட சம்பல்தான் புடிக்கும்" என்றாள் சின்ன இரட்டை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

மூன்றுக்கு மூன்று. சமன். தவிசாளருக்கு மேலதிக வாக்கு இல்லை. தீர்மானம் விழுந்தது. கைருன்னிஸா நாலை வெட்டி மூன்றாக்கினாள். இரண்டு வருடத்துக்கு முந்திச் சாப்பிட்ட ஒவ்வொரு கவளமும் அவள் தொண்டைக்குத் திரும்பி வந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தாள். பங்குதாரர் கூட்டம் வைக்கலாமா? பங்கும் ஆறு பேருக்கும் சமன். அதோடு முன்னறிவித்தலுக்கே வாரக்கணக்கு வேண்டும். கூட்டம் இல்லாமல் எழுத்தில் தீர்மானம்? அதற்கு ஆறு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். புதுப் பணிப்பாளர்? நியமிக்கவும் வாக்கு வேண்டும், அதுவும் மூன்றுக்கு மூன்று.

கலந்தர் காக்கா பிளேன்டீயோடு மேலே வந்தார். "என்ன தங்கச்சி, கம்பனி ஆஸ்பத்திரியிலயாம்? ஊரெல்லாம் கதை."

"நான்தான் காக்கா மருந்தை மாத்திக் குடுத்த" என்றாள் கைருன்னிஸா. "ஆறு பேரைப் போட்டு, கூடுதல் வாக்கையும் எடுத்துவிட்டன். கொழும்பில ஒரு பயிலுனர் இப்பிடி எழுதியிருந்தாத் தாளைக் கிழிச்சிருப்பன்."

"காசைச் சுண்டிப் போடுங்க. தலையா பூவா."

"பதிவாளரிட்டப் போய்த் தலை விழுந்தது எண்டு சொல்லவா?"

"அப்ப ஆராவது ஒருத்தியை வராமப் பண்ணுங்க. சின்ன இரட்டைட புருசன் என்ட சொந்தக்காரன். சொல்லவா?"

"காக்கா! செயலாளருக்குப் பக்கமே இல்ல. அப்பிடி நடந்தா என்ட பலகையைக் கழட்டிக் கீழ வைக்கோணும்."

"வையுங்க. என்ட கடைக்கும் ஒரு பலகை வேணும்" என்றபடி அவர் இறங்கிப் போனார்.

அவர் போன பிறகு கைருன்னிஸா கம்பனியின் விதிகளை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். முப்பத்தோராம் விதியில் அவள் விரல் நின்றது. "கூட்டத்தின் இடையில் சஹனை விட்டு எழும்புகிற பணிப்பாளர், கூட்டத்தை விட்டும் நீங்கியவராவார்." வட்டிலப்பத்தோடு தலையசைத்த விதி. ஆறு பேரில் ஒருவர் எழும்பினால் ஐந்து. ஐந்து ஒருபோதும் சமனாகாது.

இதை றிஸ்னாவுக்கு மட்டும் சொன்னால், அவள் எதிர்ப்பக்கத்தில் ஒருத்தியை எப்படியாவது எழுப்பிவிடுவாள், ஒப்பந்தம் பிழைத்துவிடும் என்று கைருன்னிஸாவுக்குத் தெரியும். போனைக்கூட எடுத்தாள். பிறகு கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஆறு பேரும் இருக்கும் வட்ஸ்அப் குழுவிலேயே எழுதினாள்: வியாழன் பகல் ஒரு மணிக்கு மறுபடி கூட்டம், முப்பத்தோராம் விதியை எல்லோரும் தயவுசெய்து வாசித்துவிட்டு வரவும்.

மாமியிடமிருந்து குரல் பதிவு வந்தது. "வாசிக்க என்னத்துக்கு? நான் சொன்னதுதானே. பாப்பம் ஆர் எழும்பிற எண்டு."

வியாழன் பகல், ளுஹர் தொழுதுவிட்டு எல்லோரும் போருக்கு வருகிற மாதிரி வந்தார்கள். றிஸ்னா மகனை அடுத்த வீட்டில் விட்டிருந்தாள். பெரிய இரட்டை போனை அணைத்து அலுமாரிக்குள் பூட்டியிருந்தாள். குந்தி இருந்தால் கால் மரத்துப் போகும் சின்ன இரட்டை, இரண்டு முழங்காலுக்கும் எண்ணெய் பூசிச் சீலை சுற்றி வந்தாள். அம்ஹா வரும் வழியிலேயே ஒரு சட்டி தயிரை வெறுமனே சாப்பிட்டு வயிற்றுக்குள் பஞ்சு மெத்தை போட்டுக்கொண்டாள். மாமி ஒன்றும் செய்யாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அதுதான் பயமாக இருந்தது.

சஹன் வந்தபோது விளங்கிவிட்டது. சோற்றுக்கு நடுவில், இரத்தச் சிவப்பாக, சம்பல் ஒரு சின்ன மலையாக நின்றது. பக்கத்தில் வழமையாக இருக்கும் தண்ணீர்ச் சாடியைக் காணவில்லை.

"தண்ணி எங்க உம்மா?" என்றாள் றிஸ்னா.

"மறந்திட்டன். வேணுமெண்டா எழும்பி எடு மகள்."

யாரும் எழும்பவில்லை. கைருன்னிஸாவின் பீங்கானும் வந்தது. அவள் அன்றைக்கு முதன்முறையாகச் சோற்றைத் தொடாமல் பேனையைத் தொட்டாள். கூட்டம் ஒன்று ஐந்துக்குத் தொடங்கியது என்று எழுதினாள்.

ஒன்றரையாயிற்று. இரண்டாயிற்று. ஒப்பந்தம் கேட்ட மூன்று பேரும் சம்பலைத் தொடாமல் ஓரச்சோற்றை ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டார்கள். கோழி கொத்துகிறதுகூடக் கொஞ்சம் கெதியாக இருக்கும். கைகள் காய்ந்தன. சின்ன இரட்டை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருந்தாள். பெரிய இரட்டை அதைப் பார்க்கப் பொறுக்காமல் தன் முழங்காலைத் தங்கச்சி சாய்ந்துகொள்ளக் கொடுத்தாள். வாக்கில்தான் பகை.

"சம்பலைத் தொடுறாளுகள் இல்ல" என்று மாமி பஸ்னாவிடம் சொன்னார், எல்லோருக்கும் கேட்கும்படி. "மைமூனாட வயித்தில பிறந்ததுகள். இஞ்ச பாருங்க, இப்பிடித்தான் திண்டு பழகோணும்."

சொல்லிவிட்டு ஒரு பிடி சம்பலை எடுத்துச் சோற்றோடு பிசைந்து வாயில் போட்டார். மென்றார். இன்னொரு பிடி எடுத்தார். அதையும் மென்றார். பிறகு அசைவில்லாமல் இருந்தார். நெற்றியில் பொட்டுப் பொட்டாக வேர்வை கிளம்பியது.

"ருசி… ஹிக்" என்றார்.

ஆறு தலைகள் நிமிர்ந்தன.

"இதுதான் ச… ஹிக்… சம்பல். இந்தத் தீர்… ஹிக்… மானத்தை நான்… ஹிக்."

மூக்கில் நீர், கண்ணில் நீர். மாமியின் முகம் சம்பலின் நிறத்துக்கே வந்துவிட்டது. கைருன்னிஸா மணிக்கூட்டைப் பார்த்தாள். மாமி எழும்பினால் எல்லாம் முடிந்துவிடும். தன் பிழை தானாகத் தீர்ந்துவிடும். இருந்த இடத்தில் இருந்தால் போதும்.

இருக்க முடியவில்லை. குறிப்புப் புத்தகத்தைப் பாயில் எறிந்துவிட்டு அடுப்படிக்கு ஓடி, ஒரு குவளை தண்ணீரோடு வந்தாள்.

"மாமி, குடிங்க. செயலாளர் எழும்பலாம், விதியில தடையில்ல. நீங்க எழும்பத் தேவையில்ல. குடிங்க மாமி!"

அம்ஹா கண்ணை மூடிக்கொண்டாள். எட்டு மாதம் அந்தக் குவளைக்குள் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

மாமி குவளையைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த மூன்று மக்களையும் பார்த்தார். அந்த மூன்று பேரும் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் சம்பலுக்குத் தானே தண்ணீர் குடிப்பதை ஏழாம் பந்திக்காரிகளுக்கு முன்னால் காட்டுவதா?

"வெய் அதை… ஹிக்… அங்கால" என்றார். "தண்ணி ஆருக்கு வேணும்? அடுப்பில ஏனம் இரிக்கி… ஹிக்… பாத்திட்டு வாறன்."

எழும்பினார். தலைநிமிர்ந்து, மெதுவாக, ஒரு தவிசாளரின் நடையில் அடுப்படிக்குப் போனார். அடுப்பில் ஏனம் எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கதவு சாத்தப்பட்டது. உடனே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அது நெடுநேரம் மூடப்படவே இல்லை.

மணி இரண்டு நாற்பத்தேழு.

முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு மாமி திரும்பி வந்தார். "என்ன எல்லாரும் மையத்து வீட்டில இரிக்கிற மாதிரி இரிக்கீங்க?" என்றபடி தன் இடத்தில் குந்தினார்.

"மாமி" என்றாள் கைருன்னிஸா. "முப்பத்தோராம் விதி."

"நான் எங்க எழும்பின? கால் மரத்துப் போச்சி, நீட்டினன்."

"அடுப்படி மட்டும் நீட்டினீங்களா உம்மா?" என்றாள் றிஸ்னா.

பஸ்னா அழுதுவிட்டாள். "எல்லாம் என்னாலதான் உம்மா! அவளுகளை எழுப்பிறத்துக்கெண்டு, உங்களுக்குச் சொல்லாம நான் ரெண்டு மடங்கு கொச்சிக்கா போட்டன்."

மாமி திகைத்தார். "நீயும் போட்டியா? நானும் ரெண்டு மடங்கு போட்டனே!"

"அப்ப நாலு மடங்கு" என்றாள் வணிகம் படித்த அம்ஹா.

பிறகு பெரிய இரட்டைக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வந்தால் சின்ன இரட்டைக்கும் வரும், வந்தது. மாமி மட்டும் சிரிக்கவில்லை. சஹனையும் மக்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விதியைச் சொன்னது நான்தான்" என்றார் கடைசியில். "சொன்ன வாய்தானே எழுப்பினதும். எழுது புள்ள. எழும்பினவ எழும்பினவதான்."

றிஸ்னா தற்காலிகத் தவிசாளரானாள். வாக்கெடுத்தார்கள். மூன்றுக்கு இரண்டு. பாயில் சோறு கொட்டியது. தீர்மானம் நிறைவேறியது.

அதோடு முடியவில்லை. குறிப்பை எழுதி வாசித்தபோது மாமி இடைமறித்தார். "'தவிசாளர் இரண்டு நாப்பத்தேழுக்கு நீங்கினார்.' என்னத்துக்கு நீங்கின எண்டு இல்லையே?"

"சட்டத்துக்குக் காரணம் தேவையில்ல மாமி. நேரம் போதும்."

"கொழும்புக்காரன் வாசிச்சா என்ன நினைப்பான்? பயந்து ஓடினா எண்டு நினைப்பான்."

"அடுப்பைப் பார்க்க எண்டு எழுத ஏலாது. அது பொய். நான் அத்தாட்சி வைக்கோணும்."

மணி மூன்று பத்து. அம்ஹா வாசலில் ஓட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு இரண்டு கையையும் பிசைந்தாள். மாமி யோசித்தார். யோசிக்க யோசிக்க முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"உண்மையை எழுது" என்றார். "தவிசாளர் தன்ட சொந்தச் சம்பலின்ட உறைப்பால எழும்பினா எண்டு எழுது. நாப்பது வருசம் திண்ட நாக்கையே எழுப்பிற சம்பல்! இப்பிடி ஒரு சம்பல் ஆர்கிட்ட இரிக்கி? எழுது. முத்திரையும் அடி."

எழுதினாள். அது குறிப்பின் நாலாம் பந்தியானது. முத்திரையும் அடித்தாள்.

கலந்தர் காக்காவின் கடையில் ஸ்கேன் பண்ணியபோது மணி மூன்று ஐம்பத்திரண்டு. அவர் தாளை இயந்திரத்தில் வைக்காமல் நின்று வாசித்தார்.

"காக்கா, வையுங்க!"

"இருங்க தங்கச்சி, நாலாம் பந்தி… அல்லாஹ்வே, இதைக் கொழும்புக்கு அனுப்பப் போறீங்களா?"

"வையுங்க காக்கா!"

மூன்று ஐம்பத்தேழுக்கு மின்னஞ்சல் போனது. கலந்தர் காக்கா தனக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டதை அவள் பிறகுதான் அறிந்தாள். பிடுங்கிக் கிழித்தாள். கம்பனியின் குறிப்பு கம்பனியின் சொத்து.

சனிக்கிழமை பதில் வந்தது. ஆவணங்கள் ஒழுங்கு, ஒப்பந்தம் உறுதி. அடியில் ஒரு வரி: நாலாம் பந்தியில் குறிப்பிடப்பட்ட சம்பலைப் பரிசோதனைக்காக இரண்டு போத்தல் தனியாக அனுப்ப முடியுமா?

அதை மாமிக்கு வாசித்துக் காட்டப் போன நாளும் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. சஹன் விரித்திருந்தார்கள். கைருன்னிஸாவின் பைக்குள், தவிசாளருக்கு மேலதிக வாக்குக் கொடுக்கும் விதித் திருத்தம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. அவள் வாசித்ததைக் கேட்டு மாமி பூரித்துப் போய், அவளுடைய பீங்கானில் ஒரு பெரிய இறைச்சித் துண்டை வைத்தார். அவள் அதை வாயில் போடுகிற வரை காத்திருந்தார்.

"புள்ள, அந்த எழும்பிற விதி இரிக்கே" என்றார் அப்போது. "அதை எடுத்துப்போடு. இனித் தேவையில்ல. என்ன?"

ஆறு பேரும் அவள் தலையைப் பார்த்தார்கள்.

கைருன்னிஸா தலையை அசைக்கவில்லை. கண்ணைக்கூட அசைக்கவில்லை. இறைச்சியை முப்பது முறை மென்றாள். விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள், அன்றைக்குச் சாடி நிறையத் தண்ணீர் இருந்தது. வாயைத் துடைத்தாள்.

"முதல்ல என்ட திருத்தத்தைக் கேளுங்க மாமி" என்றாள். "பிறகு ஒங்கடதைக் கதைப்பம்."

"அதுக்கென்ன, கேப்பம்" என்றார் மைமூனா மாமி, அடுத்த துண்டைத் தேடியபடி. "நீ சாப்பிடு, சாப்பிடு."